பச்சை எரிந்த பிறகும்

கண்டியின் ஹந்தானை மலையில் ஐப்பசி மழை பிற்பகலில்தான் பிடிக்கும். காலையில் ஏழு முகடுகளும் கழுவி வைத்தது போலத் தெரியும். இரண்டு மணி தாண்டினால் உச்சியில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரங்கள் முதலில் மறையும், பிறகு தேயிலை மலை, பிறகு பேராதனைப் பக்கத்துக் கூரைகள். இடி அதற்கப்புறம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவில் வரும் இந்த மாதங்களில் மலைநாட்டில் மின்னல் விழாத வாரமே இராது.

அப்படியொரு மாலையில், மலையடிவாரத்து நிறுவனம் ஒன்றில் ஒரு சர்வர் செத்தது. பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான். மின்னல் செப்புக் கம்பி வழியே ஏறி, சர்வரின் தாய்ப் பலகையையும் அதில் செருகியிருந்த அட்டைகளையும் எரித்துவிட்டது. இரண்டடி தள்ளி இருந்த ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் சர்வரையும் இணைத்திருந்தது கண்ணாடி இழை. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. நிறுவனத்தின் கோப்புகள் அத்தனையும் பிழைத்தது அதனால்தான்.

நான்கு நாள் கழித்துப் புதுப் பலகை, புது அட்டை வந்து பொருத்தி முடிக்க இரவு ஒன்பது. கேபிளைச் செருகியதும், சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் இருக்கும் சுவிட்சின் 14ஆம் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. என்னோடு வேலை செய்யும் தம்பி திரையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, பச்சைதான் எரியுது. ஆனா டிஸ்க் ஒன்னுகூட தெரியலயே?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லப் போனால் அந்தச் சின்னப் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று சொல்ல வேண்டிவரும். சொல்லத் தகுந்த விஷயம்தான்.

வீட்டுக் கணினிக்கு டிஸ்க் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வங்கி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அப்படி வைப்பதில்லை. டிஸ்க்குகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, சர்வர்களை வேறிடத்தில் வைத்து, நடுவில் தனியாக ஒரு வலையமைப்புப் போடுகிறார்கள். ஒரு சர்வர் எரிந்தாலும் தரவு எரியாது. இந்த வலையமைப்பில் பெரும்பாலும் பேசப்படும் மொழி ஃபைபர் சேனல். 1994இல் தரமாக ஏற்கப்பட்டது. சாதாரண இணையத் தொடர்பில் ஒரு பொதி தொலைந்தால் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. இங்கே அப்படி விட முடியாது. தன் டிஸ்க்குக்கு எழுதிய ஒரு வரி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் சர்வர் காத்து நிற்கும். லினக்ஸில் வழக்கமான காத்திருப்பு 30 விநாடி. ஃபிரேம் எனப்படும் பொதி ஒன்றே ஒன்று தொலைந்தாலும், கவுண்டரில் நிற்பவருக்கு அரை நிமிடம் திரை உறைந்து நிற்கலாம்.

ஆகவே போர்ட்டில் கோளாறு என்றால் ஊகித்துப் பிரயோசனமில்லை. கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். சுவிட்சே அந்தப் படிகளைச் சொல்கிறது. பல சுவிட்சுகளில் போர்ட்டின் நிலையைக் கேட்டால் வரும் பதில்கள் இவை: நோ மாட்யூல், நோ லைட், நோ சிங்க், இன் சிங்க், ஆன்லைன். படிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு மருத்துவக் குறிப்பு. மாட்யூல் இல்லை என்றால் ஒளியை உண்டாக்கும் விரலளவு எஸ்எஃப்பி சரியாகச் செருகப்படவில்லை. ஒளி இல்லை என்றால் எதிர்முனை செத்திருக்கலாம், கேபிள் ஒடிந்திருக்கலாம், அல்லது இரண்டு இழைகளும் இடம் மாறியிருக்கலாம். ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு. வாய்க்கு நேரே வாயும் காதுக்கு நேரே காதும் வைத்தால் பேச்சு எப்படி நடக்கும்? கழற்றித் திருப்பிப் போட்டால் முடிந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் மாதத்தில் இதில் ஒரு நாளாவது மாட்டிக்கொள்வார்கள்.

ஒளி என்று சொன்னேன், அந்த ஒளியைப் பற்றி இரண்டு வார்த்தை. பக்கத்துப் பக்கத்து ரேக்குகளுக்குள் ஓடுவது 850 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காகக் கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. அது ஓடும் கண்ணாடியின் நடுத்தண்டு 50 மைக்ரோன், அதைச் சுற்றிய உறையோடு சேர்த்து 125 மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். இப்படிக் கண்ணாடி இழைக்கட்டு வழியே ஒரு உருவத்தைக் கடத்திக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸோடு செய்த அந்த வேலை 1954 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்தது. ஆனால் அன்றைய கண்ணாடியில் 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில்தான் என்று 1966இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சார்ல்ஸ் காவ். அதற்கு 2009இல் நோபல் கிடைத்தது. இன்றைய நெடுந்தூர இழையில் ஒரு கிலோமீட்டர் போன பிறகும் நூற்றுக்கு 95 பங்கு மிஞ்சுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு பேராதனை வளாகத்திலிருந்து இயங்குகிறது. 1990களில் மின்னஞ்சலோடு தொடங்கிய அதற்கும் இன்று முதுகெலும்பு இந்தக் கண்ணாடிதான்.

எங்கள் 14ஆம் போர்ட்டில் ஒளி வந்தது. அடுத்த படி, சிங்க்.

இந்தப் படியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு வரும். 8 ஜிபி வேகத்தில் ஓடும் போர்ட் விநாடிக்கு 850 கோடி முறை துடிக்கிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,04,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு துடிப்பின் நீளம் 2.4 சென்ரிமீட்டர், கட்டைவிரல் அகலம். பத்து மீட்டர் கேபிளுக்குள் எந்தக் கணத்திலும் நானூறுக்கு மேற்பட்ட துடிப்புகள் வழியில் இருக்கின்றன. ஃபைபர் சேனலில் முழு அளவு ஃபிரேம் ஒன்று 2,148 பைட். அதைக் கண்ணாடியில் நீட்டிப் போட்டால் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் வரும். சர்வர் அறைக்குள் ஓடும் ஒரு ஃபிரேமின் தலை எதிர்ப்பெட்டிக்குள் நுழைந்து கனநேரமாகியும் வால் இன்னும் புறப்பட்டிருக்காது.

இவ்வளவு வேகத்தில் வருவதில் எது ஒன்று, எது பூஜ்ஜியம் என்று பெறுபவர் எப்படிப் பிரிப்பார்? துடிப்பின் தாளம் தெரிந்தால்தான் முடியும். தாளத்துக்குத் தனிக் கம்பி கிடையாது. வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே பிடிக்க வேண்டும். தொடர்ந்து நூறு ஒன்று வந்தால், ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், தாளம் தவறிப்போகும். இதற்கு ஐபிஎம்மின் ஆல்பர்ட் விட்மரும் பீட்டர் ஃபிரானசெக்கும் 1983இல் ஒரு வழி சொன்னார்கள். எட்டுத் துடிப்பைப் பத்தாக மாற்றி அனுப்புவது. ஒரே வகைத் துடிப்பு ஐந்துக்கு மேல் சேர்ந்து வராதபடி அந்தப் பத்தை அமைப்பது. பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீண்தான், ஆனாலும் அதனால்தான் எதிர்முனை தாளம் தப்பாமல் கேட்கிறது. 8 ஜிபி வரை இந்த முறைதான். 16இலிருந்து வேறு முறை வந்தது.

இன்னொன்றும் உண்டு. பேச ஒன்றும் இல்லாத நேரத்திலும் ஒளி அணைவதில்லை. இரண்டு முனைகளும் அர்த்தமற்ற நிரப்புச் சொற்களை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், தாளம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. முன்பு அந்த நிரப்புச் சொல் ஒரு வகை. 8 ஜிபிக்கு வந்தபோது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் எழும் மின்காந்த இரைச்சலைக் குறைக்க வேறொன்றுக்கு மாற்றினார்கள். ஒரு முனை பழையதையும் மறு முனை புதியதையும் சொல்லிக்கொண்டிருந்தால் இணைப்பு நிலைக்காமல் ஏறி ஏறி இறங்கும். கேபிளை மாற்றி, எஸ்எஃப்பியை மாற்றி, அட்டையையும் மாற்றி அலைந்தவர்கள் பலர். அமைப்பில் ஒரு வரி மாற்றினால் தீரும் காரியம் அது. வேகப் பொருத்தமும் இப்படித்தான். 16 ஜிபி எஸ்எஃப்பி 8க்கும் 4க்கும் இறங்கும், 2க்கு இறங்காது. பழைய 2 ஜிபி அட்டையை அதில் மாட்டிவிட்டு விடிய விடிய உட்கார்ந்தாலும் சிங்க் வராது.

எங்களுக்குச் சிங்க்கும் கிடைத்துவிட்டது. பச்சை எரிகிறதென்றால் அதுவரை சரி. டிஸ்க் மட்டும் இல்லை.

இதற்கு மேல் உள்ள படியைத் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நாங்கள் இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். என் அம்மா கொழுந்தெடுத்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிவார். எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் சொல்வார்கள். பதியாமல் நேரே மலைக்குப் போய் எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் பேர் விழாது.

"இதுவும் பெரட்டுத்தான்" என்றேன். புதிதாக எழுந்த அட்டைக்கு முதலில் முகவரியே இல்லை. அனுப்புநர் இடத்தில் ஆறு பூஜ்ஜியம் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது முகவரிக்கு "நான் வந்திருக்கிறேன்" என்று எழுதுகிறது. கூடவே தன் நிரந்தரப் பெயரையும் தருகிறது. தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட 64 பிட் பெயர், பதினாறு எழுத்தாக எழுதுவோம். சுவிட்ச் அதை வாங்கிப் பதிந்துகொண்டு 24 பிட்டில் ஒரு முகவரி தருகிறது. எந்த சுவிட்ச், அதில் எந்தப் பகுதி, எந்த வாசல் என்று மூன்று துண்டு. ஒரு வலையமைப்பில் சுவிட்சுகளுக்கான எண் 1 முதல் 239 வரைதான். இரண்டு சுவிட்ச் ஒரே எண்ணோடு வந்து சந்தித்தால் இரண்டும் சேராமல் விலகி நிற்கும். அதுவும் வெளிப்பார்வைக்குப் போர்ட் கோளாறு போலவே தெரியும்.

பதிந்த பிறகு யார் யாரோடு பேசலாம் என்பதை ஜோன் தீர்மானிக்கிறது. இன்ன சர்வர் இன்ன ஸ்டோரேஜை மட்டுமே பார்க்கலாம் என்ற பட்டியல் அது. இல்லாவிட்டால் ஒரு சர்வர் இன்னொன்றின் டிஸ்க்கைத் தன்னுடையது என்று நினைத்து அழித்து எழுதிவிடக்கூடும். அந்தப் பட்டியலில் இருப்பவை அட்டைகளின் நிரந்தரப் பெயர்கள்.

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். "பழைய அட்டை எரிஞ்சு போச்சு. பட்டியல்ல அதோட பேருதான் இருக்கு!"

அதேதான். செக்ரோலில் செத்தவரின் பெயர் இருக்கிறது, களத்தில் நிற்பவர் வேறு ஆள். ஜோனில் புதுப் பெயரைச் சேர்த்தோம். சேர்த்தால் மட்டும் போதாது, அந்த மாற்றத்தை நடப்புக்குக் கொண்டுவரும் கட்டளையும் தர வேண்டும், பலர் அதை மறந்துவிடுவார்கள். ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளும் தனியாக ஒரு பட்டியல் உண்டு, அதிலும் மாற்றினோம். பதினொரு மணிக்கு டிஸ்க்குகள் வரிசையாக வந்து நின்றன.

அன்றைக்கு அதோடு வீட்டுக்குப் போயிருந்தால், மறுநாள் பத்து மணிக்குக் கவுண்டரில் திரை உறைந்து நின்றிருக்கும். போகும் முன் போர்ட்டின் பிழை எண்ணிகளைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்தக் கால் மணியில் சிஆர்சி எண்ணி 40ஐத் தாண்டியது.

ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் அதன் உள்ளடக்கத்தைக் கூட்டிச் சுருக்கிய 32 பிட் எண் ஒன்று இருக்கும். பெறுபவர் தானும் கூட்டிப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது. எங்கே கெட்டது? இதில் ஒரு அழகான நுட்பம் இருக்கிறது. நேரே கடத்தும் வகை சுவிட்ச், ஃபிரேமின் தலையைப் படித்தவுடன் அதை அடுத்த வாசலுக்கு விடத் தொடங்கிவிடும். வால் வந்து பிழை தெரியும்போது தலை ஏற்கெனவே போயிருக்கும். திரும்ப அழைக்க முடியாது. அதனால் வாலில் 'இது கெட்டது' என்று குறி போட்டு அனுப்பும். அடுத்த சுவிட்சும் பிழையை எண்ணும், ஆனால் குறியைப் பார்த்து இது பழைய காயம் என்று தெரிந்துகொள்ளும். வால் குறியில்லாமல் சுத்தமாக இருந்தும் உள்ளே பிழை என்றால், அந்தக் காயம் பட்டது இந்தக் கேபிளில்தான். பத்து சுவிட்ச் உள்ள இடத்திலும் குற்றவாளிக் கேபிளை இப்படி நாற்காலியை விட்டு எழும்பாமலே கண்டுபிடிக்கலாம்.

எங்கள் பிழைகள் எல்லாம் சுத்த வால். 14ஆம் போர்ட்டுக்கு வரும் ஒளியின் அளவைக் கேட்டோம். பக்கத்துப் போர்ட்டுகளில் 500 மைக்ரோவாட்டை ஒட்டி இருந்தது, இதில் 110. ஐந்தில் ஒரு பங்கு. சர்வர் முனையில் வந்து சேரும் ஒளி சரியாக இருந்தது. ஆக இரண்டு இழைகளில் சர்வரிலிருந்து சுவிட்சுக்கு வரும் இழை மட்டுமே சந்தேகத்தில்.

சர்வர் முனையைக் கழற்றி, சிறிய கேபிள் நுண்நோக்கியில் வைத்தேன். வெள்ளைப் பீங்கான் குழலின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், கண்ணாடியின் முகம். தடாகத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போல அதன் மேல் ஒரு படலம், விரல் பட்ட தடம். நடுத்தண்டின் ஓரத்தை மறைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு துகள், அதைச் சுற்றி இன்னும் சிறியவை சிதறிக் கிடந்தன. சர்வர் எரிந்த மாலையில் கேபிளைக் கழற்றியவர் மூடியைப் போடாமல் தொங்க விட்டிருந்தார். நான்கு நாள் அது காற்றில் ஆடியது.

தேயிலையில் 'டஸ்ட்' என்று ஒரு ரகம் உண்டு, சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சும் தூள். அந்த ரகத்தில் ஒரே ஒரு துகளைக் கொண்டுவந்து இந்த இழையின் முகத்தில் வைத்தால் முழுக் கண்ணாடியும் மறைந்துவிடும். நடுத்தண்டை மறைக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். தூசியோடு செருகினால் இரண்டு கண்ணாடி முகங்களும் அதை நடுவில் வைத்து நசுக்கும், கண்ணாடியில் பள்ளம் விழும். விழுந்த பள்ளம் துடைத்தால் போகாது. பார்த்துவிட்டுத் துடைப்பது, துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது, அதன் பிறகே செருகுவது என்ற ஒழுங்கு அதனால்தான் வந்தது. கேபிள் முனையைத் துடைப்பது பாதி வேலை, எதிரே எஸ்எஃப்பியின் வாய்க்குள் துடைப்பது மீதி. எங்கள் நல்ல காலம், பள்ளம் விழுந்திருக்கவில்லை. துடைப்பானை இரண்டு முறை அழுத்தியதும் வட்டம் நிலவு போலத் தெளிந்தது. திரும்பச் செருகியபோது 480.

ஒளி சரியாகிவிட்டது, பிழை நின்றுவிட்டது. துடைக்கும் வரை டிஸ்க் மந்தமாகவும் இருந்தது. காரணம் கடன் கணக்கு.

மலையில் கூடை நிறைந்தால் நிறுவைக்குப் போய்க் கொட்ட வேண்டும். காலியான கூடை கைக்கு வந்தால்தான் அடுத்த கொழுந்து. ஃபைபர் சேனலும் இப்படித்தான் நடக்கிறது. இணையும்போதே ஒவ்வொரு முனையும் தன்னிடம் எத்தனை ஃபிரேமுக்கு இடமிருக்கிறது என்று சொல்லிவிடும். அனுப்புபவர் ஒவ்வொன்று அனுப்பும்போதும் அந்த எண்ணிக்கையில் ஒன்று கழிப்பார். எதிர்முனை இடத்தைக் காலி செய்ததும் 'தயார்' என்று ஒரு சின்னக் குறியைத் திருப்பி அனுப்பும். அப்போது ஒன்று கூட்டுவார். எண்ணிக்கை பூஜ்ஜியமானால் வாயைத் திறக்கக் கூடாது. இடமில்லாத வாசலில் ஃபிரேமைத் தள்ளிவிட்டுத் தொலைக்கும் வேலை இந்த வலையமைப்பில் நடக்காததற்கு இதுதான் காரணம்.

தூரம் கூடினால் இந்தக் கடன் எவ்வளவு தேவைப்படும் என்று ஒரு முறை கணக்குப் போட்டேன். கண்டியிலிருந்து கொழும்புக்குச் சாலை வழியே ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு இழை போட்டு 8 ஜிபியில் அனுப்பினால், அரைக் கிலோமீட்டர் நீள ஃபிரேம்கள் இருநூற்றுக்கு மேல் வழியில் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். முதல் ஃபிரேமுக்கான 'தயார்' திரும்பி வருவதற்குள் இன்னும் அவ்வளவு புறப்பட்டிருக்கும். இழை ஓயாமல் ஓட ஏறத்தாழ 450 கூடை வேண்டும். எட்டுக் கூடையோடு இறங்கினால் கேபிளும் ஒளியும் எல்லாம் சரியாக இருந்தும், நேரத்தில் பெரும் பகுதி வெறுமனே காத்து நிற்பதில் போகும்.

எங்கள் கேபிள் பத்து மீட்டர்தான். ஆனால் அழுக்கு இழையில் கெட்டது ஃபிரேம் மட்டும் இல்லை. திரும்பி வந்த 'தயார்' குறிகளும் கெட்டிருந்தன. ஃபிரேமுக்காவது வாலில் சரிபார்ப்பு எண் இருக்கிறது. இந்தக் குறிக்கு அதுவும் இல்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். எதிர்முனை கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும், இவர் வரவில்லை என்று காத்திருப்பார். ஒவ்வொன்றாகக் கூடை குறைந்துகொண்டே போகும். கடன் இல்லாமல் நின்ற நேரத்தை 2.5 மைக்ரோவிநாடித் துண்டுகளாக எண்ணும் எண்ணி ஒன்று எங்கள் சுவிட்சில் உண்டு. துடைக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகியபோது இணைப்பு தானாகவே மீட்டமைந்தது. இரு முனையும் கூடைகளைப் புதிதாக எண்ணி வைத்துக்கொண்டன. அந்த எண்ணி நின்றது.

மீண்டும் எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கியபோது இரவு பன்னிரண்டு. தம்பி உதிரிக் கேபிள்களை எடுத்து ஒவ்வொன்றின் முனைக்கும் மூடி போட்டுக்கொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. நாங்கள் அங்கேயே படுத்துக்கொண்டோம்.

தர விதிப்படி இந்த இணைப்பில் ஒரு லட்சம் கோடித் துடிப்புக்கு ஒரு பிழை வரை இருக்கலாம். 8 ஜிபியில் அது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. காலை எட்டு மணிக்கு எழுந்து பார்த்தோம். எட்டு மணி நேரத்தில் அந்த ஒரு இழை வழியே 245 லட்சம் கோடித் துடிப்பு போயிருந்தது, ஃபிரேம்களும் அர்த்தமற்ற நிரப்புச் சொற்களுமாக. பிழை எண்ணிகள் இரண்டையுமே பார்க்கும்.

தம்பி திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். "அண்ணே, இன்னும் சைபர்தான்."